நர்சிங் ஹோமில் இருக்கும் பெற்றோருக்கு வீட்டுச் சாப்பாடு கொண்டு போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் நர்சிங் ஹோம் எனப்படும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் தாயையோ தந்தையையோ சேர்த்திருக்கும் தமிழ்க் குடும்பங்களிடமிருந்து முதல் வாரத்திலேயே எழும் கேள்விகள் இவை. மெடிகேர், மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்களில் பணம் பெறும் இல்லங்களைக் கட்டுப்படுத்தும் கூட்டாட்சி விதிகளையும், அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. வெளியிடும் உணவு விதித்தொகுப்பையும் அடிப்படையாகக் கொண்டு பதில்கள் எழுதப்பட்டுள்ளன. மாநிலத்துக்கு மாநிலம், இல்லத்துக்கு இல்லம் நடைமுறை சற்று மாறும்.

வெளியிலிருந்து சாப்பாடு கொண்டுவரவே கூடாது என்று இல்லம் சொல்ல முடியுமா?

பொத்தாம் பொதுவாக அப்படிச் சொல்ல முடியாது. 2016ஆம் ஆண்டு திருத்தி எழுதப்பட்ட கூட்டாட்சி விதிகளில், உணவு பற்றிய 483.60ஆம் பிரிவு, குடும்பத்தாரும் மற்ற பார்வையாளர்களும் கொண்டுவரும் உணவை எப்படிப் பத்திரப்படுத்துவது, எப்படிக் கையாள்வது, எப்படி உண்ணச் செய்வது என்பதற்கு ஒவ்வோர் இல்லமும் ஒரு கொள்கை வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் இதை எஃப் 813 என்ற எண்ணின் கீழ் சரிபார்க்கிறார்கள். இல்லத்தின் சமையலறை அங்கீகரிக்கப்பட்ட இடங்களில்தான் பொருள் வாங்க வேண்டும் என்ற விதி தனியாக உண்டு. ஆனால் அந்த விதி, இல்லம் வாங்காத உணவை அங்கே வசிப்பவர் உண்பதைத் தடுக்காது என்று அதே பிரிவு தெளிவாகச் சொல்கிறது. வரவேற்பு மேசையில் இருப்பவர் “அதெல்லாம் அனுமதி இல்லை” என்று சொன்னால், பெரும்பாலும் இந்த இரண்டு விதிகளையும் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். வாக்குவாதம் வேண்டாம், கொள்கையின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

அதே சமயம், எங்கே வைப்பது, எத்தனை நாள் வைப்பது, யார் சூடாக்குவது என்பவற்றை வரையறுக்க இல்லத்துக்கு அதிகாரம் உண்டு. தானே எடுத்துச் சாப்பிட முடியாதவருக்கு ஊழியர்கள் உதவ வேண்டும் என்பதும் அந்தக் கொள்கைக்குள் அடங்கும். நீங்கள் வைத்துவிட்டு வந்த டப்பாவைத் திறக்க ஆளில்லாமல் அது அப்படியே இருந்தது என்றால், அது உங்கள் குறை மட்டுமல்ல.

அதே சாம்பாரை வீட்டில் எல்லோரும்தான் சாப்பிடுகிறோம். அப்பாவுக்கு மட்டும் ஏன் இத்தனை கெடுபிடி?

வயதானால் நோய் எதிர்ப்பாற்றல் குறைகிறது. வயிற்றின் அமிலமும், அதைக் குறைக்கும் மாத்திரைகளால் இன்னும் கொஞ்சம், குறைந்துபோகிறது. நமக்கு ஒரு நாள் வயிற்றுப்போக்கோடு போவது அவருக்கு நீரிழப்பு, மயக்கம், விழுந்து அடிபடுதல், மருத்துவமனை என்று நீளக்கூடும். லிஸ்டீரியா என்ற கிருமி குளிர்பெட்டிக்குள்ளேயே பெருகக் கூடியது என்பதையும், 65 வயதைக் கடந்தவர்களை அது கடுமையாகத் தாக்கக் கூடியது என்பதையும் நினைவில் வைத்தால், “ஃபிரிட்ஜில்தானே வைத்தேன்” என்ற வாதம் எடுபடாது.

ஒரு வாரத்துக்குச் சேர்த்துச் சமைத்துக் கொண்டு போய் வைக்கலாமா?

வேண்டாம் என்பதே இந்தப் பக்கத்தின் உறுதியான கருத்து. கெட்டுப்போகும் உணவை ஒரு வேளைக்கு, மிஞ்சினால் இரண்டு வேளைக்கு மட்டும் கொண்டு போய், முதல் வேளையை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சாப்பிடச் செய்வது எல்லாவற்றிலும் பத்திரமானது. ஞாயிற்றுக்கிழமை ஆறு டப்பாக்களை அடுக்கிவிட்டு வந்தால், புதன்கிழமை பணிக்கு வரும் ஊழியருக்கு எது கூட்டு, எது குழம்பு, எதைச் சூடாக்க வேண்டும், எதைக் குளிர்ச்சியாகவே தர வேண்டும் என்பது தெரியாது. வாரம் ஒருமுறைதான் போக முடியும் என்கிற குடும்பங்கள், சமைத்த உணவை ஒரு வேளைக்கு மட்டும் எடுத்துக்கொண்டு, மற்ற நாட்களுக்குப் பருப்புப்பொடி, நெய், ஊறுகாய் போல இல்லத்தின் வெறுஞ்சோற்றுக்கே ருசி கூட்டும் பொருள்களைக் கொடுத்து வைப்பது நல்ல ஏற்பாடு. ஊறுகாயில் உப்பு மிகுதி என்பதால் அதை மட்டும் செவிலியரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

எப்படிக் கட்டி எடுத்துப் போவது?

சூடாகக் கொடுக்க வேண்டியது 135 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேலும், குளிர்ச்சியாகக் கொடுக்க வேண்டியது 41 டிகிரிக்குக் கீழும் இருக்க வேண்டும். இடைப்பட்ட வெப்பத்தில்தான் கிருமிகள் பெருகுகின்றன. கொதிக்கக் கொதிக்க எடுத்த ரசத்தை, வெந்நீர் ஊற்றிச் சூடேற்றிய ஃபிளாஸ்கில் அடைத்தால் ஒரு மணி நேரப் பயணத்தைத் தாங்கும். வெதுவெதுப்பாக எடுத்து, துணிப் பையில் வைத்து, காரின் பின்னிருக்கையில் போட்டுக்கொண்டு போவதுதான் மிக மோசமான வழி. சரியாகச் சூடாகவும் வைக்க முடியாது, சரியாகக் குளிர்ச்சியாகவும் வைக்க முடியாது என்றால், முந்தின இரவே நன்கு குளிரவைத்து, ஐஸ் பேக் வைத்த பையில் கொண்டு போய், அங்கே சூடாக்கச் சொல்லுங்கள். வெளியே இருக்கும் மொத்த நேரம் இரண்டு மணியைத் தாண்டக் கூடாது. வெயில் 90 டிகிரியைத் தாண்டும் கோடை நாளில் ஒரு மணி மட்டுமே. வழியில் கடைக்குப் போய்விட்டு வரும் நேரமும் இந்தக் கணக்கில் சேரும்.

சோறு, சாம்பார், தயிர்சாதம் ஆகியவற்றில் தனியாகக் கவனிக்க வேண்டியது உண்டா?

நிறையவே உண்டு, நம் சமையலில் ஆபத்து பெரும்பாலும் இவற்றில்தான் ஒளிந்திருக்கிறது.

அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்ற கிருமியின் வித்துகள், சோறு வேகும் கொதியிலும் சாவதில்லை. வடித்த சோறு மேடையிலேயே மணிக்கணக்கில் கிடந்தால் அந்த வித்துகள் முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் ஒரு நச்சை உமிழ்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ஆகவே, “சூடு பண்ணிக் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும்” என்பது சோற்றுக்குப் பொருந்தாது. முதலிலேயே சீக்கிரம் குளிரவைத்திருக்க வேண்டும். பழைய சோறு எத்தனை பிரியமானதாக இருந்தாலும், இரவு முழுவதும் அறை வெப்பத்தில் ஊறியதை இல்லத்துக்குக் கொண்டு போகாதீர்கள்.

சாம்பார், கறிக்குழம்பு முதலியவற்றைப் பெரிய பாத்திரத்தில் வைத்து இரவு அடுப்பிலேயே விட்டுவிடும் பழக்கம் நம் வீடுகளில் சாதாரணம். அடியில் இருக்கும் கெட்டியான பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். குறிப்பாகக் கறிக்குழம்பில் கிளாஸ்டிரிடியம் பெர்ஃபிரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அதைவிட வசதி வேண்டியதில்லை. உணவு விதித்தொகுப்பின் கணக்குப்படி, சமைத்த உணவு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் 135இலிருந்து 70 டிகிரிக்கும், அடுத்த நான்கு மணி நேரத்துக்குள் 41 டிகிரிக்கும் இறங்கிவிட வேண்டும். இரண்டு அங்குல உயரத்துக்கு மேல் போகாமல் அகலமான தட்டையான பாத்திரங்களில் பிரித்து ஊற்றி, ஐஸ் போட்ட தண்ணீரில் நிறுத்தி அவ்வப்போது கிளறினால் வீட்டிலேயே இதைச் செய்துவிடலாம்.

தயிர்சாதத்தைக் கையால் குழைய பிசைவது நமக்கு வழக்கம். நல்ல கையிலும் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற கிருமி இருக்கக்கூடும்; விரலில் ஒரு கீறல் இருந்தால் இன்னும் அதிகம். அதுவும் சூட்டுக்கு அழியாத நச்சை உண்டாக்குவது. கரண்டியால் மசியுங்கள், பாஸ்சரைஸ் செய்த பாலில் உறைந்த தயிரையே பயன்படுத்துங்கள், மாதுளை முத்துகளைக் கழுவி, சாப்பிடும் நேரத்தில் சேருங்கள்.

புளியோதரை புளிப்பாலும் எண்ணெயாலும் சற்றுத் தாங்கும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் கலந்த புளிக்காய்ச்சல் எவ்வளவு புளிப்பு என்று யாரும் அளந்து பார்த்திருக்கவில்லை. அதையும் மற்றச் சோற்றைப் போலவே நடத்துங்கள். தேங்காய்ச் சட்னியைப் பற்றி ஒரே வரி போதும்: அன்று அரைத்தது அன்றே தீர வேண்டும்.

டப்பாவின் மேல் என்ன எழுத வேண்டும்?

வசிப்பவரின் முழுப் பெயர், அறை எண், உணவின் பெயர், சமைத்த தேதி, எந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்பது ஆகிய ஐந்தும் அவசியம். குடும்பங்கள் கொண்டுவரும் உணவு இல்லத்தின் உணவிலிருந்து பிரித்தோ, எளிதில் அடையாளம் தெரியும்படியோ வைக்கப்பட வேண்டும் என்பதால், பெயரில்லாத டப்பா ஊழியரின் கண்ணுக்கு யாருக்கும் சொந்தமில்லாத டப்பா. உணவின் பெயரை ஆங்கிலத்தில், அதுவும் விளங்கும்படி எழுதுங்கள். “கூட்டு” என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் புரியாது. பூசணிக்காயும் பாசிப்பருப்பும் தேங்காயும் சேர்த்து வேகவைத்தது, காரமில்லை, சூடாக்கித் தரவும் என்று எழுதினால் புரியும். எவர்சில்வர் டப்பாவின் மேல் பேனா எழுத்து நிற்காது. மாஸ்கிங் டேப்பை மூடியில் ஒட்டாமல் டப்பாவின் உடலில் ஒட்டி எழுதுங்கள், ஏனென்றால் மூடிகள் இடம் மாறிவிடும்.

ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

உணவு விதித்தொகுப்பு, 41 டிகிரியில் வைத்த சமைத்த உணவுக்கு, சமைத்த நாளையும் சேர்த்து ஏழு நாள் என்ற உச்சவரம்பு வைத்திருக்கிறது. அது கண்காணிக்கப்படும் சமையலறைக்கான கணக்கு. வீட்டிலிருந்து வந்த உணவு எப்போது எப்படிக் குளிர்ந்தது என்பது இல்லத்துக்குத் தெரியாது என்பதால், பல இல்லங்கள் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்கின்றன, அதுவே நியாயமானது. உறைபெட்டியில் வைத்தால் கிருமிகள் பெருகுவது நிற்கும், சாகாது. உறைந்ததைக் குளிர்பெட்டிக்குள்ளேயே இளக விட வேண்டும். இளகிய பிறகு, உறைய வைக்கும் முன் கழிந்த நாட்களையும் சேர்த்தே நாள் கணக்கு தொடரும்.

அறைக்குள் சிறிய ஃபிரிட்ஜ் வைத்துக்கொள்ளலாமா?

இல்லத்தின் கொள்கையைப் பொறுத்தது. அனுமதித்தால், உள்ளே ஒரு வெப்பமானி தொங்க வேண்டும், யாராவது தினமும் அதைப் பார்த்துக் குறிக்க வேண்டும், பழையதை யாராவது எடுத்து எறிய வேண்டும். அந்த “யாராவது” குடும்பமா ஊழியரா என்பதை முதல் நாளே எழுத்தில் தீர்த்துக்கொள்ளுங்கள். எங்கும் தகராறு இங்கேதான் தொடங்குகிறது. மின்சாரம் போனால், கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் நிற்கும். அதற்கு மேல் போனால் பாலும் தயிரும் சோறும் குழம்பும் குப்பைக்கே.

முறுக்கு, தட்டை, பொடி வகைகளைக் கட்டில் பக்கத்து மேசையில் வைக்கலாமா?

இறுக மூடும் டப்பாவில் வைக்கலாம். பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைப்பது எறும்புக்கும் கரப்பானுக்கும் எலிக்கும் அழைப்பு. மறதி நோய் உள்ளவர்கள் இட்லியையும் பழத்தையும் தலையணை உறைக்குள்ளும் இழுப்பறையிலும் ஒளித்து வைப்பது உண்டு. போகும்போதெல்லாம் சத்தமில்லாமல் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அவரைக் கடிந்துகொள்ள வேண்டியதில்லை.

சூடாக்குவது யார், எப்படி?

பெரும்பாலான இடங்களில் ஊழியர்தான். மறுபடி சூடாக்கும் உணவின் உள்வெப்பம் 165 டிகிரியைத் தொட வேண்டும். மைக்ரோவேவில் என்றால் மூடி வைத்துச் சூடாக்கி, நடுவில் கிளறி, எடுத்த பின் மூடியபடியே இரண்டு நிமிடம் விட்டு, பிறகு வெப்பமானியைச் செருகிப் பார்க்க வேண்டும். ஓரம் கொதித்து நடு ஜில்லென்று இருப்பது மைக்ரோவேவின் குணம். சூடு ஆறி, நாக்கைச் சுடாத பதத்துக்கு வந்த பின்பே ஊட்ட வேண்டும். கை நடுங்குகிறவர் மடியில் கொதிக்கும் ரசம் கொட்டினால் ஏற்படும் தீக்காயம் எந்தக் கிருமிக்கும் குறைந்ததல்ல. எவர்சில்வர் டப்பா மைக்ரோவேவுக்குள் போகாது என்பதால், அப்படியே சூடாக்கக் கூடிய கண்ணாடிக் கிண்ணத்தில் கொண்டு போனால் ஊழியருக்கு ஒரு வேலை மிச்சம். ஒருமுறை சூடாக்கி மிஞ்சியதை மறுபடி ஃபிரிட்ஜில் ஏற்றக் கூடாது.

எதைக் கொண்டுபோகவே கூடாது?

எளிதில் நோய்வாய்ப்படக் கூடியவர்களுக்கு உணவளிக்கும் இடங்களில் பச்சை முளைப்பயறு, அரைவேக்காட்டு முட்டை, வேகாத இறைச்சியும் மீனும், பாஸ்சரைஸ் செய்யாத பழச்சாறு ஆகியவற்றைப் பரிமாறக் கூடாது என்று உணவு விதித்தொகுப்பு தடுக்கிறது. இது சமையலறைக்கான தடை என்றாலும் குடும்பங்களும் பின்பற்றத் தக்கது. சத்து என்று நினைத்து நாம் கொண்டு போகும் முளைகட்டிய பயறு இந்தப் பட்டியலில் முதலிடத்தில் இருப்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஈரமும் வெதுவெதுப்பும்தான் பயற்றை முளைக்க வைக்கின்றன, அவையே கிருமியையும் வளர்க்கின்றன. நன்றாக வேகவைத்துச் சுண்டலாகத் தாளித்தால் கொடுக்கலாம். ஆஃப்பாயில் வேண்டாம்.

விழுங்குவதில் சிரமம் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். என்ன கொடுக்கலாம்?

பேச்சு மற்றும் விழுங்குதல் சிகிச்சையாளர் வகுத்திருக்கும் நிலையை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இப்போது பல இல்லங்கள் 0 முதல் 7 வரை எண்ணிட்ட ஒரு பன்னாட்டு அளவுகோலைப் பயன்படுத்துகின்றன: 0 என்பது தண்ணீர் போன்ற நீர்மம், 4 என்பது மசித்த கூழ், 7 என்பது வழக்கமான உணவு. கெட்டியாக்கிய நீர்மமே தரப்பட வேண்டும் என்று எழுதியிருந்தால், ரசமும் மோரும் காபியும் தண்ணீருக்குச் சமம். மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவில் கொண்டுவிடக் கூடும். சாம்பார் சாதம் போலக் கட்டியும் நீருமாகக் கலந்தது அதைவிடச் சிக்கலானது, ஏனெனில் வாய்க்குள் நீர் முந்திக்கொண்டு ஓடிவிடும். அதிரசம், அல்வா, கொழுக்கட்டை ஆகியவை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். குழைய வேகவைத்து மிக்ஸியில் நைசாக அரைத்த பருப்புச் சாதம், நெய் விட்டு, ஸ்பூனில் எடுத்தால் வழியாமல் நிற்கும் பதத்தில் இருந்தால் பலருக்குப் பொருந்தும். அதையும் சிகிச்சையாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் முரண்பாடு வருமா?

வரும். வார்ஃபரின் என்ற, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்குக் கீரையைத் தடை செய்ய வேண்டியதில்லை. ஆனால் ஒரு வாரம் தினமும், அடுத்த வாரம் ஒன்றுமே இல்லை என்று கொடுத்தால் இரத்தம் உறையும் அளவு தாறுமாறாகும். சிறுநீரக நோயாளிக்கு இளநீர், வாழைப்பழம், தக்காளி ஆகியவற்றிலுள்ள பொட்டாசியம் பிரச்சினை. இதயச் செயலிழப்பு உள்ளவருக்கு அப்பளமும் ஊறுகாயும். சில கொழுப்பு மாத்திரைகள், இரத்த அழுத்த மாத்திரைகளோடு கிரேப்ஃபுரூட்டும் அதன் இனமான பம்பளிமாஸும் சேரக் கூடாது. இன்சுலின் போடுபவருக்குச் சர்க்கரைப் பொங்கல் கொடுப்பதாக இருந்தால், சாப்பிட்ட பின் அல்ல, சாப்பிடுவதற்கு முன்பே செவிலியரிடம் சொல்லுங்கள். கஷாயம், லேகியம், சூரணம் எதுவும் சாப்பாட்டுக் கணக்கில் சேராது. அவை மருந்து, மருத்துவருக்குத் தெரியாமல் இழுப்பறையில் இருக்கக் கூடாது.

பக்கத்துக் கட்டில்காரருக்கும் கொஞ்சம் கொடுக்கலாமா?

கொடுக்காமல் சாப்பிடுவது நமக்குச் சங்கடம்தான். இருந்தாலும், அவருடைய செவிலியரைக் கேட்காமல் ஒரு முறுக்குக்கூட நீட்டாதீர்கள். அவருக்கு விழுங்கும் சிக்கலோ ஒவ்வாமையோ இருப்பது உங்களுக்குத் தெரிய வழியில்லை. அமெரிக்கச் சட்டம் முக்கிய ஒவ்வாமைப் பொருள்களாகக் குறிக்கும் ஒன்பதில், 2023 ஜனவரி முதல் எள்ளும் சேர்ந்துவிட்டது. நல்லெண்ணெயும் இட்லிப் பொடியும் அதில் அடக்கம். கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவு கலந்திருப்பது வழக்கம். பாலும் முந்திரியும் வேர்க்கடலையும் நம் பலகாரங்களில் இல்லாத இடமில்லை.

கோயில் பிரசாதம், ஓட்டல் பார்சல்?

ஓட்டல் பார்சலுக்கும் இதே நேரக் கணக்குதான். பிரசாதம் காலையில் நைவேத்தியமாகி, மதியம் விநியோகமாகி, மாலையில் இல்லத்துக்கு வந்து சேர்ந்தால், சோற்றுப் பிரசாதமாக இருக்கும் பட்சத்தில் தவிர்ப்பதே நல்லது. கல்கண்டு, உலர்திராட்சை, விபூதி, குங்குமம் போதும். கல்கண்டும் திராட்சையும் விழுங்கும் சிக்கல் இல்லாதவருக்கு மட்டும்.

அம்மா இறுதி நாட்களில் இருக்கிறார். ஆசைப்பட்டதைக் கொடுக்க முடியாதா?

முடியும். ஆபத்தைத் தெரிந்துகொண்டு தேர்ந்தெடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. அவர் முடிவெடுக்கும் நிலையில் இல்லையென்றால் அவருக்காக முடிவெடுக்கும் பொறுப்பில் உள்ளவருக்கு உண்டு. மருத்துவரோடும், ஹாஸ்பிஸ் எனப்படும் இறுதிக்காலப் பராமரிப்புக் குழுவோடும் பேசி, பராமரிப்புத் திட்டத்தில் எழுதச் செய்யுங்கள். எழுதியிருந்தால், இரவுப் பணி ஊழியரும் தயங்காமல் இரண்டு ஸ்பூன் பாயசம் கொடுப்பார். இங்கே அளவுக்கு மீறிய எச்சரிக்கை காட்டும் இல்லங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. சமைத்துக் கொண்டு போகலாமா?

கூடாது. நோரோவைரஸ் போன்றவை ஓர் இல்லத்தில் நுழைந்தால் தளம் முழுவதும் பரவும். அறிகுறிகள் நின்று குறைந்தது இரண்டு நாட்கள் கழியும் வரை நோயுற்றவர் சமைக்கவும் கூடாது, பார்க்கப் போகவும் கூடாது. போகும்போது கையை சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். சானிடைசர் அந்த வைரஸிடம் அதிகம் பலிக்காது. நீங்கள் கொடுத்ததைச் சாப்பிட்ட பிறகு பெரியவருக்கு வாந்தியோ பேதியோ வந்தால், கூச்சப்படாமல் என்ன சாப்பிட்டார், எப்போது சமைத்தது என்பதைச் செவிலியரிடம் சொல்லுங்கள். மிச்சத்தை எறிந்துவிடாமல் மூடிக் குளிரில் வைத்திருங்கள்.

நாங்கள் வைத்த உணவைக் கேட்காமல் எறிந்துவிட்டார்கள். யாரிடம் முறையிடுவது?

முதலில் டப்பாவில் தேதி இருந்ததா என்று பாருங்கள். தேதியில்லாததை எறிவது அவர்கள் கடமை. தேதிக்குள் இருந்தும் எறிந்திருந்தால், உணவுச் சேவை மேலாளரிடமோ சமூகப் பணியாளரிடமோ எழுத்தில் கேளுங்கள். குறைகளைப் பெற்றுப் பதில் தருவதற்கு ஒவ்வோர் இல்லத்திலும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். பராமரிப்புத் திட்டக் கூட்டத்திலும் இதைப் பேசலாம். அதிலும் தீரவில்லையென்றால், ஒவ்வொரு மாநிலத்திலும் நீண்டகாலப் பராமரிப்புக்கான ஆம்புட்ஸ்மன், அதாவது வசிப்பவர்கள் சார்பில் குறை கேட்பவர், அலுவலகம் இருக்கிறது. அதன் தொடர்பு விவரம் இல்லத்துக்குள் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்பட்டிருக்கும். அதற்குக் கட்டணம் இல்லை. வசிப்பவரின் சம்மதம் இன்றி அவர் பெயரை வெளியிடவும் மாட்டார்கள்.